எஃப்/4 போதுமா, எஃப்/2.8 வேண்டுமா? டெலி ஸூம் வாங்கும் முன் வெளிச்சத்தை அளந்து பாருங்கள்

கேமராவோடு வந்த 18-55 லென்ஸை மாட்டிக்கொண்டு எருது விடும் விழாவுக்குப் போனால், தடுப்புக்கு வெளியே நிற்கும் உங்களுக்குக் காளை கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் கிடைக்கும். தெருக்கூத்தில் கட்டியங்காரனின் முகம் வேண்டுமென்றால் முன்வரிசைக் குழந்தைகளை மிதித்துக்கொண்டு போக வேண்டியிருக்கும். டெலி ஸூம் வாங்கும் எண்ணம் அப்போதுதான் வருகிறது. கடையில் கேட்டால் ஏறக்குறைய ஒரே தூரத்தை இழுக்கும் மூன்று லென்ஸ்களை மேசைமேல் வைப்பார்கள். 400 கிராம்கூட இல்லாத 55-250 ஒன்று. முக்கால் கிலோ எடையில் 70-200 எஃப்/4 ஒன்று. ஒரு கிலோவில் தொடங்கி ஒன்றரைக் கிலோ வரை போகும் 70-200 எஃப்/2.8 ஒன்று. எஃப்/4 லென்ஸின் விலையைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு எஃப்/2.8-க்குக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இவற்றில் எது நல்லது என்று பொதுவாகக் கேட்டால் உருப்படியான பதில் கிடைக்காது. நீங்கள் படம் எடுக்கும் இடத்தில் எவ்வளவு வெளிச்சம், எதிரே இருப்பது எவ்வளவு வேகமாக அசைகிறது, உங்களுக்கும் அதற்கும் எத்தனை மீட்டர் என்ற மூன்றையும் முதலில் அளந்துகொள்ளுங்கள். லென்ஸ் தானாக முடிவாகிவிடும். அளப்பதற்குப் புதிதாக எதுவும் வாங்க வேண்டாம், கையில் இருக்கும் கிட் லென்ஸே போதும்.

அந்த எண் சொல்வது என்ன

எஃப் எண் ஒரு வகுத்தல் கணக்கு. லென்ஸின் குவியத் தூரத்தை, ஒளி நுழையும் வாயின் விட்டத்தால் வகுத்தால் அந்த எண் வரும். 200 மி.மீ.யில் எஃப்/2.8 வேண்டுமென்றால் அந்த வாய் 71 மி.மீ. அகலம் இருந்தாக வேண்டும். எஃப்/4-க்கு 50 மி.மீ. போதும், எஃப்/5.6-க்கு 36 மி.மீ. எடையும் விலையும் இங்கேதான் ஏறுகின்றன. முன்கண்ணாடி பெரிதானால் அதற்குப் பின்னால் இருப்பவையும் பெரிதாகும். கேனான் இ.எஃப் 70-200 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பின் குழாய்க்குள் 23 கண்ணாடிகள் இருக்கின்றன. எடை 1,490 கிராம். அதே வரிசையில் 2006-இல் வந்த எஃப்/4 ஐ.எஸ். (நடுக்கத் தடுப்பு உள்ளது) 760 கிராம்தான், ஏறக்குறைய சரிபாதி.

எஃப்/5.6-இலிருந்து எஃப்/4-க்கு வந்தால் ஒளி இரண்டு மடங்கு. அங்கிருந்து எஃப்/2.8-க்கு வந்தால் மறுபடியும் இரண்டு மடங்கு. ஒவ்வொரு மடங்கையும் ஒரு ஸ்டாப் என்கிறோம். ஆக 55-250 லென்ஸின் நீள்முனைக்கும் (250 மி.மீ., எஃப்/5.6) எஃப்/2.8 லென்ஸுக்கும் இடையே இரண்டு ஸ்டாப், அதாவது நான்கு மடங்கு ஒளி. ஒரே ஐ.எஸ்.ஓ.வில் (கேமராவின் ஒளி உணர்திறன் அளவு) ஒன்று 1/60 நொடி ஷட்டர் திறப்பு கேட்கும் இடத்தில் மற்றது 1/250 நொடியில் எடுத்துவிடும்.

விலை குறைந்த ஸூம்களில் எஃப்/4-5.6 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் குறுமுனைக்கு, இரண்டாவது நீள்முனைக்கு. டெலி வாங்குகிறவர் பெரும்பாலும் நீள்முனையில்தான் எடுப்பார். அதனால் கணக்குப் போடும்போது இரண்டாவது எண்ணை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் பெரிதாகத் தெரியும் எஃப்/4-ஐப் பார்த்து, இதுவும் எஃப்/4 லென்ஸ்தானே என்று நினைத்து வாங்கி, மண்டபத்தில் முழிப்பவர்கள் நிறைய.

படி 1: இடத்துக்குப் போய் ஷட்டரைக் குறித்து வாருங்கள்

நீங்கள் அடிக்கடி எடுக்கும் இடம் எதுவோ, அங்கே அதே நேரத்துக்குப் போங்கள். கூத்து என்றால் இரவு 11 மணிக்குமேல், கல்யாணம் என்றால் விடியற்காலை முகூர்த்த நேரத்தில். மாலையில் காலி மண்டபத்தை அளந்து பயனில்லை.

கேமராவை அப்பர்ச்சர் பிரையாரிட்டியில் (எஃப் எண்ணை நீங்கள் வைக்க, ஷட்டரைக் கேமரா முடிவு செய்யும் முறை) வையுங்கள். கிட் லென்ஸை 55-க்கு முறுக்கி எஃப்/5.6-இல் நிறுத்துங்கள். ஐ.எஸ்.ஓ.வைத் தானியங்கியில் விடாமல் 3200-இல் பூட்டுங்கள். மீட்டரிங்கை ஸ்பாட்டுக்கு (ஒரு சின்னப் புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) மாற்றி, முகத்தின் மேல் வைத்துப் பொத்தானைப் பாதி அழுத்துங்கள். திரையில் தெரியும் ஷட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். மேடையின் நடுவில் ஒன்று, இரண்டு ஓரங்களிலும் ஒவ்வொன்று, ஆட்கள் முன்னால் வந்து நிற்கும் இடத்தில் ஒன்று என நான்கு அளவுகள் போதும். (18-45 போன்ற புதிய கிட் லென்ஸ்களில் நீள்முனை எஃப்/6.3. அப்படியானால் கிடைத்த வேகத்தைவிட எஃப்/5.6-இல் மூன்றில் ஒரு ஸ்டாப் கூடும்.)

ஸ்பாட் ஏன் என்றால், கூத்துக் களரியின் பின்னால் கறுப்பு வானமும் இருட்டும்தான். முழுச் சட்டகத்தையும் பார்த்துக் கணக்கிடும் மீட்டர் அந்த இருட்டை வெளிச்சமாக்க முயன்று ஷட்டரைத் தேவைக்கு மேல் மெதுவாக்கிவிடும். முகம் வெளுத்துப்போகும், அளவும் தப்பாகும். கட்டை வேஷக்காரரின் கிரீடத்திலும் புஜக்கட்டையிலும் பதித்த கண்ணாடிச் சில்லுகள் விளக்கொளியை அப்படியே திருப்பி அடிக்கும். மீட்டர் புள்ளி அதன்மேல் விழுந்தால் தவறு எதிர்ப்பக்கம் போய், படம் இருண்டுவிடும். ஆகவே நெற்றி, கன்னம். அரிதாரம் பூசிய முகம் சாதாரண முகத்தைவிட வெளிச்சம் என்பதால் அதற்கு ஒரு படி கூடக் கொடுக்க வேண்டியிருக்கும்.

இப்போது கணக்கு. உங்களுக்குக் கிடைத்தது 1/60 என்று வைத்துக்கொள்வோம். எஃப்/4 லென்ஸில் அதே இடம் 1/125 தரும், எஃப்/2.8-இல் 1/250. இதை அடுத்துச் சொல்லும் தேவையோடு ஒப்பிடுங்கள்.

படி 2: எதிரே இருப்பது எவ்வளவு வேகம்

நின்று வசனம் பேசும் கூத்துக் கலைஞருக்கு 1/200 போதும். கிறுகி ஆடும்போது பாவாடை விரிவதும் கால் தூக்குவதும் உறைந்து நிற்க 1/500 வேண்டும். மண்டபத்தில் தாலி கட்டும் கை 1/200-இல் நிற்கும், பறக்கும் அட்சதை 1/500-க்குக் குறைந்தால் கோடு கோடாக வரும். கபடியில் ரெய்டு போகிறவரைப் பிடிக்க 1/800-ஆவது வேண்டும். ஒகேனக்கல்லில் சாதாரணமாகப் போகும் பரிசலுக்கு 1/500, பரிசலோட்டி அதைச் சுழற்றும்போது 1/1000.

எருது விடும் விழாவை மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனென்றால் தை பிறந்தால் கிருஷ்ணகிரிப் பக்கம் கேமரா வைத்திருக்கும் எல்லோரும் அங்கேதான் நிற்பார்கள். காளை நொடிக்கு 10 மீட்டர் ஓடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஷட்டர் 1/1000 நொடி திறந்தால் அதற்குள் அது ஒரு சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். 20 மீட்டர் தொலைவில் 200 மி.மீ. லென்ஸ், ஃபுல் ஃபிரேம் பாடியில் (36 மி.மீ. அகல சென்சார் கொண்ட கேமரா), 3.6 மீட்டர் அகலத்தைக் காட்டும். 24 மெகாபிக்ஸல் படத்தில் அந்த ஒரு சென்டிமீட்டர் 16, 17 பிக்ஸல் நீளத்துக்கு இழுபட்ட மங்கல். கைப்பேசியில் தெரியாது, பெரிதாக அச்சிட்டால் தெரியும். ஆகவே குறுக்கே ஓடும் காளைக்கு 1/2000. நேரே உங்களை நோக்கி வரும் காளை சட்டகத்துக்குள் அவ்வளவு நகராது, 1/1000 போதும்.

இந்த 1/2000-க்கு எஃப்/2.8 வேண்டுமா? வேண்டாம். பழைய பிலிம் காலத்து விதி ஒன்று உண்டு: உச்சி வெயிலில் எஃப்/16 வைத்தால் ஷட்டர் 1/ஐ.எஸ்.ஓ. அதன்படி ஐ.எஸ்.ஓ. 100-இல் எஃப்/5.6-க்கு 1/800 வரும், ஐ.எஸ்.ஓ. 400-இல் 1/3200 வரும். விலை குறைந்த 55-250 லென்ஸே தேவைக்கு மேல் வேகம் தருகிறது. கொம்பில் கட்டிய தட்டியும் அதைப் பறிக்க நீளும் கையும் ஒரே சட்டகத்தில் கூர்மையாக வேண்டுமென்றால் எஃப்/2.8 வைத்திருப்பவரும் எஃப்/5.6-க்கு மூடித்தான் எடுப்பார். காவேரிப்பட்டணம் மயானக் கொள்ளைக்கும் இதே கணக்கு. பகல் வெளிச்சம் தாராளம், கூட்டம் நெருக்கும். அங்கே ஒன்றரைக் கிலோக் குழாய் பிறர் தோளில் இடிக்கும், உங்கள் கையும் தாங்காது.

படி 3: எத்தனை மீட்டர்

அகலத்தைக் கணக்கிடுவது எளிது. ஃபுல் ஃபிரேம் என்றால் 36-ஐயும், சின்ன சென்சார் கொண்ட நிக்கான், சோனி ஏ.பி.எஸ்.சி. பாடி என்றால் 23.5-ஐயும் எடுத்து, லென்ஸின் மி.மீ. எண்ணால் வகுத்து, தொலைவு மீட்டரால் பெருக்குங்கள். சட்டகத்தில் எத்தனை மீட்டர் அகலம் விழும் என்று வந்துவிடும்.

இதை மண்டபத்துக்குப் போட்டுப் பாருங்கள். ஏ.பி.எஸ்.சி. பாடியில் 70-200 மாட்டி, மேடையிலிருந்து 5 மீட்டரில் நின்றால், குறுமுனையிலேயே 1.7 மீட்டர் அகலம்தான் விழும். மாப்பிள்ளையும் பெண்ணும் அடங்குவார்கள், பக்கத்தில் நிற்கும் தாய்மாமன் வெட்டுப்படுவார். பின்னால் போகலாம் என்றால் வீடியோக்காரரும் நாற்காலியும் இருக்கும். கிராமத்துச் சின்ன மண்டபங்களில் 70-200 முழுநேர லென்ஸ் ஆகாது. 24-70 அல்லது 17-50 ஒன்று கழுத்தில் இருக்க, இது கேண்டிட் படங்களுக்கு மட்டும். முதல் முதலீட்டை எஃப்/2.8 டெலியில் போட்டுவிட்டு, குறுகிய லென்ஸுக்குக் கிட் லென்ஸையே வைத்திருப்பது தலைகீழான வரிசை.

பறவைக்குப் போட்டால் கணக்கு வேறு பாடம் சொல்லும். கே.ஆர்.பி. அணை நீர்ப்பரப்பின் ஓரத்தில் சாம்பல் நாரை ஒன்று 60 மீட்டரில் நிற்கிறது. உயரம் ஏறக்குறைய 90 செ.மீ. ஃபுல் ஃபிரேமில் 200 மி.மீ. வைத்தால் சட்டகத்தின் உயரம் 7.2 மீட்டர், நாரை அதில் எட்டில் ஒரு பங்கு. 400-இல் நான்கில் ஒன்று. 600-இல் மூன்றில் ஒன்றுக்கும் மேல். எஃப்/2.8 என்ற எண் அந்த நாரையை ஒரு சென்டிமீட்டர்கூட அருகில் கொண்டுவராது. பறவைதான் உங்கள் விருப்பம் என்றால் 70-200-ஐ மறந்துவிட்டு நீளத்துக்குப் பணம் கொடுங்கள். எடை குறைவாக வேண்டுமென்றால் 635 கிராம் கேனான் ஆர்.எஃப் 100-400 எஃப்/5.6-8, சோனி ஏ.பி.எஸ்.சி.க்கு 625 கிராம் 70-350. எடை பரவாயில்லை என்றால் இரண்டு கிலோவை ஒட்டிய சிக்மா அல்லது டாம்ரான் 150-600. எஃப்/2.8 லென்ஸில் 2 மடங்கு கன்வெர்ட்டர் (லென்ஸுக்கும் பாடிக்கும் நடுவே மாட்டி நீளத்தைக் கூட்டும் கண்ணாடி) போட்டு 400 ஆக்கலாமே என்பார்கள். போடலாம், ஆனால் இரண்டு ஸ்டாப் போய் அது எஃப்/5.6 ஆகிவிடும், கூர்மையும் குறையும். கேனானின் முதல் ஆர்.எஃப் 70-200 எஃப்/2.8 கன்வெர்ட்டரை ஏற்றுக்கொள்வதே இல்லை.

காட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை வழியில் யானை ரோட்டைக் கடந்தால் வண்டியை விட்டு இறங்காதீர்கள். லென்ஸ் நீளம் போதவில்லை என்று நெருங்குவது உயிரோடு விளையாடுவது, யானைக்கும் தொந்தரவு. 2014-இல் காவிரி வடக்கு, 2022-இல் காவிரி தெற்கு என அங்கே இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இருக்கின்றன. உள்ளே போக வனத்துறை அனுமதி வேண்டும். ஆற்றோர மரங்களில் சாம்பல் நிற மலை அணிலைத் தேடுபவர்கள் நிழலுக்குத் தயாராக இருக்க வேண்டும். காலை 8 மணிக்கும் கிளைக்குள் ஐ.எஸ்.ஓ. 1600 கேட்கும்.

எஃப்/2.8 நிஜமாகவே தேவைப்படும் இடம்

இரவுக் கூத்து. விளக்கொளியில் கபடி. உள்ளரங்கு விளையாட்டு. ஃபிளாஷ் அடிக்கக் கூடாத அல்லது அடிக்க மனம் வராத முகூர்த்தம். இவற்றில் அளந்த எண் 1/60-ஐ ஒட்டி இருந்து, தேவை 1/250-க்குக் கீழே இறங்காது என்றால், எஃப்/4 வாங்கிவிட்டு ஐ.எஸ்.ஓ.வை ஏற்றிச் சமாளிப்பது ஓரளவுக்குத்தான் முடியும். எந்த ஐ.எஸ்.ஓ. வரை உங்கள் பாடி தாங்கும் என்பதைக் கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள். 1600, 3200, 6400, 12800 என நான்கு படங்கள் எடுத்து, உங்கள் ஆல்பம் அச்சிடும் லேபிலேயே 12க்கு 18 அங்குலத்தில் போட்டுப் பாருங்கள். 12க்கு 36 ஆல்பம் தருபவர்களுக்கு ஒரு பக்கம் அந்த அளவுதான். கறுப்புத் தலைமுடியிலும் பட்டுப்புடவையின் அடர்சிவப்பிலும் மணல் மணலாகத் தெரிய ஆரம்பிக்கும் எண்தான் உங்கள் எல்லை. அந்த எல்லையில் எஃப்/4 தேவையான ஷட்டரைத் தந்துவிட்டால் பாதி எடைக்குப் பாதிப் பணத்தில் வேலை முடிந்தது.

கூத்தில் ஃபிளாஷ் அடிக்காதீர்கள். விடிய விடிய ஆடுகிறவரின் கண்ணில் வெளிச்சம் அறைந்தால் அடி தப்பும், அரிதாரத்தின் மேடுபள்ளமும் தட்டையாகிப் போகும். எஃப்/2.8-க்கு இவ்வளவு பணம் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது என்றால் அது இந்த இடத்துக்காகத்தான்.

ஒரு சிக்கலை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மலிவான எல்.இ.டி. விளக்குகளும் டியூப் லைட்டும் நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100-இல் எடுத்தால் ஒரு முழுத் துடிப்பும் படத்துக்குள் வந்துவிடும், ஒன்றும் தெரியாது. எஃப்/2.8 கிடைத்த மகிழ்ச்சியில் 1/500 வைத்தால் ஒரு படம் இருட்டு, அடுத்தது வெளிச்சம், மூன்றாவதில் கிடைமட்டப் பட்டைகள் என்று வரும். லென்ஸில் கோளாறு என்று கடைக்கு எடுத்துக்கொண்டு ஓட வேண்டாம். பாடியில் ஆன்டி-ஃபிளிக்கர் இருந்தால் போடுங்கள், இல்லையென்றால் அசைவு குறைந்த நேரங்களில் 1/100-க்கு இறங்குங்கள். மிரர்லெஸ்ஸில் சைலன்ட் ஷட்டரை அணைத்துவிட்டு மெக்கானிக்கல் ஷட்டரில் எடுங்கள்.

பின்னணி மங்கல்: எவ்வளவு, எதற்கு

மங்கலான பின்னணிக்காகவே எஃப்/2.8 கேட்பவர்கள் இந்த அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபுல் ஃபிரேம், 200 மி.மீ., ஆள் 5 மீட்டரில். கூர்மையாக விழும் ஆழம் எஃப்/2.8-இல் சுமார் 10 செ.மீ., எஃப்/4-இல் 15 செ.மீ., எஃப்/5.6-இல் 20 செ.மீ. பத்து சென்டிமீட்டர் என்பது மூக்கு நுனியிலிருந்து காது வரைக்கும் பற்றாது. கண்ணில் ஃபோகஸ் வைத்தால் காதுக் கம்மல் கரையத் தொடங்கும். மாப்பிள்ளை அரையடி முன்னால் நின்றால் பெண்ணின் முகம் மங்கிவிடும். இரண்டு பேர் இருக்கும் படத்துக்கு எஃப்/4, மூன்று வரிசை நின்றால் எஃப்/8. 200 மி.மீ.யில் எஃப்/4-உம் பின்னணியை நன்றாகவே கரைக்கும். ஆளுக்குப் பின்னால் சுவர் 10 மீட்டர் தள்ளி இருக்கும்படி நிற்க வைப்பது ஒரு ஸ்டாப்பைவிட அதிகம் செய்யும், அதற்குக் காசும் இல்லை.

எடையைக் கையில் தூக்கிப் பாருங்கள்

ஒன்றரை லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றரைக் கிலோ. அதை இடது உள்ளங்கையில் தாங்கி, வலது கையில் கேமராவைப் பிடித்து, கண் உயரத்தில் ஐந்து நிமிடம் நில்லுங்கள். இறக்கி ஒரு நிமிடம் விட்டு மறுபடியும். பத்து முறை செய்தால் ஒரு வரவேற்பின் முதல் ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்று தோள் சொல்லிவிடும். மாலை வரவேற்பில் தொடங்கி மறுநாள் காலை பந்தி வரை நிற்கும் வேலையில் கடைசி இரண்டு மணி நேரம் கை நடுங்கும். அப்போது எஃப்/2.8 தந்த ஒரு ஸ்டாப் ஆதாயத்தை நடுக்கமே தின்றுவிடும்.

கனமான லென்ஸ் வாங்கினால் கூடவே மானோபாட் (ஒற்றைக்கால் தாங்கி) ஒன்றையும் கணக்கில் சேருங்கள். தோள்வாரைக் கேமராப் பாடியின் வளையத்தில் மாட்டித் தொங்கவிடாதீர்கள், முழு எடையும் மவுண்ட்டில் இழுக்கும். லென்ஸின் ட்ரைபாட் காலரில் (லென்ஸைச் சுற்றியிருக்கும் தாங்கி வளையம்) மாட்டுங்கள். எஃப்/4 லென்ஸ்கள் பலவற்றோடு காலர் வராது, 850 கிராம் நிக்கான் 70-200 எஃப்/4-க்கு அது தனி விலை. அந்த எடைக்குக் கையில் பிடிப்பவருக்குக் காலர் தேவையும் இல்லை.

எஃப்/2.8 என்றாலே ஒன்றரைக் கிலோ என்ற நிலை இப்போது மாறிவருகிறது. சோனியின் 70-200 ஜி.எம். முதல் பதிப்பு 1,480 கிராம், 2021-இல் வந்த இரண்டாம் பதிப்பு 1,045 கிராம். கேனான் ஆர்.எஃப் 1,070 கிராம். சோனி பாடி வைத்திருப்பவர்களுக்கு டாம்ரான் 70-180 எஃப்/2.8 நடுவழி: 810 கிராம், நீளத்தில் 20 மி.மீ. குறைவு. அதன் 2020 பதிப்பில் நடுக்கத் தடுப்பு இல்லை, 2023-இல் வந்த இரண்டாம் பதிப்பில் உண்டு. பழையது மலிவாகக் கிடைத்தால் உங்கள் பாடிக்குள்ளேயே நடுக்கத் தடுப்பு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள்.

நடுக்கத் தடுப்பு உங்கள் கையின் ஆட்டத்தை மட்டுமே நிறுத்தும், எதிரே ஆடுபவரை நிறுத்தாது. 1/30-இல் கூத்து எடுத்தால் பின்னால் இருக்கும் மிருதங்கக்காரர் கூர்மையாகவும் ஆடுபவர் புகையாகவும் வருவார்.

பாடிக்குப் பொருந்துமா

மாட்ட முடிந்தாலே வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். நிக்கான் டி3000, டி5000 வரிசைப் பாடிகளுக்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. பழைய 80-200 எஃப்/2.8டி மலிவாக வருகிறதே என்று வாங்கினால் கையால் முறுக்கித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும், ஓடும் ஆளுக்கு அது உதவாது. ஏ.எஃப்.பி. வகை 70-300 லென்ஸை டி90 போன்ற பழைய பாடியில் மாட்டினால் ஃபோகஸே ஆகாது. கேனானில் இ.எஃப்.எஸ். லென்ஸ் ஃபுல் ஃபிரேம் டி.எஸ்.எல்.ஆரில் மாட்டாது. பழைய இ.எஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக ஆர் வரிசைப் பாடிகளில் நன்றாக இயங்கும். பலரும் மிரர்லெஸ்ஸுக்கு மாறி அவற்றை விற்பதால் இன்று குறைந்த பணத்தில் எஃப்/2.8 அல்லது எஃப்/4 கையில் வர இதுவே நல்ல வழி.

இன்னொரு வழி: 55-250 மாதிரி ஒரு சின்ன ஸூமும், 85 மி.மீ. எஃப்/1.8 ஒன்றும். நிக்கானின் 85 எஃப்/1.8ஜி 350 கிராம், கேனானின் பழைய இ.எஃப் 85 எஃப்/1.8 425 கிராம். எஃப்/1.8 எஃப்/2.8-ஐவிட ஒரு ஸ்டாப்புக்கும் மேல் கூடுதல் ஒளி. ஏ.பி.எஸ்.சி. பாடியில் 85 ஏறக்குறைய 130 போல இழுக்கும். பகலுக்கு ஸூம், இரவுக்கு 85. கூத்தின் முன்வரிசையில் உட்கார இடம் கிடைப்பவருக்கு, புதிதாகத் தொடங்குபவருக்கு, முதலில் சொல்ல வேண்டியது இந்த ஜோடியைத்தான். இரண்டும் சேர்ந்தாலும் ஒரு கிலோ வராது.

வாங்கும் நேரத்தில்

பழைய லென்ஸ் என்றால் முன்மூடி பின்மூடி இரண்டையும் கழற்றி, அப்பர்ச்சரை முழுதாகத் திறந்து, கைப்பேசி டார்ச்சைப் பின்பக்கமிருந்து சாய்வாக அடித்து முன்பக்கம் பாருங்கள். நாலைந்து தூசி கவலையில்லை. சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுப் பரவியிருந்தால் ஃபங்கஸ், எவ்வளவு குறைத்தாலும் வேண்டாம். பால் ஊற்றியதுபோல மூட்டமாக இருந்தால் உள்கண்ணாடியில் படலம், வெளிச்சத்துக்கு எதிரே எடுக்கும்போது படம் வெளிறும்.

லென்ஸைக் கீழ்நோக்கிப் பிடியுங்கள். ஸூம் வளையம் தானாக வழுக்கினால் உள்ளே தேய்மானம். மவுண்ட் ஸ்க்ரூக்களின் தலை சிதைந்திருந்தால் யாரோ கழற்றியிருக்கிறார்கள். பிறகு பாடியில் மாட்டி, கடைக்கு எதிரே இருக்கும் பெயர்ப்பலகையை 70, 135, 200 மூன்றிலும் முழு அப்பர்ச்சரில் எடுங்கள். நான்கு மூலை எழுத்துகளையும் பெரிதாக்கிப் பாருங்கள். இடப்பக்கம் கூர்மையாகவும் வலப்பக்கம் மங்கலாகவும் இருந்தால், ஷட்டர் வேகத்தைக் கூட்டி, பலகைக்கு நேர் எதிரே நின்று மறுபடியும் எடுங்கள். அப்போதும் அப்படியே வந்தால் உள்ளே ஒரு கண்ணாடி சாய்ந்திருக்கிறது, கீழே விழுந்த லென்ஸ்.

ஒகேனக்கல் பக்கம் அதிகம் போகிறவர்கள் மவுண்ட்டைச் சுற்றி மெல்லிய ரப்பர் வளையம் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். எஃப்/4, எஃப்/2.8 லென்ஸ்கள் பெரும்பாலானவற்றில் இருக்கும், மலிவான ஸூம்களில் இருக்காது. அருவிச் சாரல் அந்த இடுக்கில்தான் பாடிக்குள் இறங்கும். ஃபில்டர் விலையையும் மறக்காதீர்கள். 55-250-க்கு 58 மி.மீ., எஃப்/4 லென்ஸ்கள் பலவற்றுக்கு 67 அல்லது 72, எஃப்/2.8-க்கு பெரும்பாலும் 77.

புதியது என்றால் ஜி.எஸ்.டி. பில்லில் லென்ஸின் சீரியல் எண் எழுதியிருக்க வேண்டும், பெட்டியிலும் லென்ஸிலும் அதே எண் இருக்க வேண்டும். பில் இல்லாமல் குறைந்த விலைக்கு வருவதற்கு இந்திய வாரண்டி கிடைக்காது. எஃப்/2.8 லென்ஸில் ஃபோகஸ் மோட்டார் போனால் மிச்சம் பிடித்த பணம் அதற்கே போய்விடும்.

முடிவு இன்னும் ஊசலாடினால், ஒரு நாள் வாடகைக்கு எடுங்கள். ஓசூரிலிருந்து பெங்களூரு 40 கிலோமீட்டர்தான், தருமபுரிக்காரர்களுக்குச் சேலம் பக்கம். வாடகைக்கு வாங்கும்போதே கடைக்காரர் முன்னால் முன்கண்ணாடி, பின்கண்ணாடி, மவுண்ட், ஹூட் நான்கையும் கைப்பேசியில் படம்பிடித்து வையுங்கள். திருப்பும்போது கீறல் பற்றிப் பேச்சு வந்தால் அது கைகொடுக்கும். அன்றிரவு கூத்தில் முதல் அரை மணி எஃப்/2.8-இலும், அடுத்த அரை மணி அதே லென்ஸை எஃப்/4-க்கு மூடியும், அடுத்த அரை மணி எஃப்/5.6-இலும் எடுங்கள். ஷட்டரை 1/250-இல் பூட்டி ஐ.எஸ்.ஓ.வை மட்டும் ஏறவிடுங்கள். மறுநாள் மூன்றிலிருந்தும் பத்துப் பத்துப் படங்களை எடுத்து, எஃப் எண் தெரியாதபடி கலந்து, கூத்து வாத்தியாரிடமோ வாடிக்கையாளரிடமோ காட்டி அவர்களுக்குப் பிடித்ததைப் பொறுக்கச் சொல்லுங்கள். பொறுக்கிய படங்களில் எஃப்/4-உம் எஃப்/2.8-உம் சரிக்குச் சரி வந்தால் எஃப்/4-க்கு முன்பணம் கொடுங்கள்.